பட்டான்செரு முதல் மல்காஜ்கிரி வரை: பூங்காவுக்கு இடம் பார்க்கப் போன 67 கிலோமீட்டர்

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். மலை ஏறினேன், கணவாய் கடந்தேன் என்று ஆறு வருடமாக இந்தப் பக்கத்தில் அளந்துகொண்டிருக்கும் ஆசாமி, எல்லாப் படத்திலும் ஜீப்புக்கு வெளியேதான் நின்று சிரித்துக்கொண்டிருப்பான், கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும்போது என் முகத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதைப் படம் எடுக்க என் மனைவி மறுத்துவிடுகிறாள்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. போன வாரம் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவர் தெருவில் ஒரு காலியிடம் இருக்கிறதாம். அதைப் பூங்கா ஆக்கலாமா என்று பார்க்க அதிகாரிகள் வரப்போகிறார்களாம். "ஊர் ஊராகச் சுற்றுகிறவர் நீங்கள், இதில் ஏதும் அனுபவம் உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு சார். ஒரே ஒரு நாள் அனுபவம். அதிகாரிகளோடு நானும் ஜீப்பில் உட்கார்ந்து போன நாள். இருபத்தேழு வருடமாக அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வருடம் 1985, மே மாதம், ஹைதராபாத். எனக்கு வயது இருபத்தைந்து. நகரத்தில் எங்கே ரோடு, எங்கே கடைத்தெரு, எங்கே பூங்கா என்று தீர்மானிக்கும் ஒரு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர்களில் சிலர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தற்காலிகம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் வேலை செத்துப் பிழைக்கும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அரக்கோணத்திலிருந்து வந்தவர். வீடு மல்காஜ்கிரி ஸ்டேஷனுக்குக் கிழக்கே, எங்களைப் போன்ற நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்த ஒரு லைனில். அப்பாக்கள் அரக்கோணத்துத் தமிழ் பேசுவார்கள். பிள்ளைகள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு தெலுங்கில் பதில் சொல்லும்.

அந்த வருடம் மூன்று பூங்காக்களுக்குப் பணம் வந்திருந்தது. பரிசீலனைக்கு வந்த இடங்கள் ஐந்து. எந்த மூன்று என்று முடிவு செய்ய ஒரு படிவம் தயாரித்தார்கள். நூறு மதிப்பெண். பரப்பளவுக்கு இருபது, நிலம் வில்லங்கமில்லாத அரசு நிலமா என்பதற்கு இருபது, சுற்றுவட்டார மக்கள்தொகைக்குப் பதினைந்து, பக்கத்தில் வேறு பூங்கா இல்லையென்றால் பத்து, தண்ணீருக்குப் பத்து, மரத்துக்கு ஐந்து. ஏழாவது கேள்வி: பார்வையிடும் நேரத்தில் அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் எத்தனை? தலைக்கு ஒரு மதிப்பெண், இருபதுக்கு மேல் கிடையாது. இந்தப் படிவத்தை மையை உருட்டி உருட்டி சைக்ளோஸ்டைல் எடுத்தவன் நான். கையெல்லாம் கறுப்பாயிற்றே தவிர, அதில் என்ன இருக்கிறதென்று ஒரு வரி படிக்கவில்லை. எழுத்தர் என்றால் படிக்கவும் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஐந்து இடங்களில் எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்த பொட்டலும் ஒன்று. ஒன்றே கால் ஏக்கர். அதில் இரண்டு வேப்ப மரம், அரை ஏக்கர் முள். ஸ்டேஷனை ஒட்டின சைடிங்கில், அந்த ஓரத்துத் தண்டவாளத்தில், எப்போதும் கூட்ஸ் வண்டிகள் நிற்கும். முள்ளுக்குப் பயந்து சின்னதுகள் அந்த வண்டிகளுக்கு அடியில் போய் விளையாடும். இரண்டு வருடம் முன்னால் அமிர்தம் அக்காவின் மகள் கலா, அப்போது ஆறு வயது, நின்றுகொண்டிருந்த வேகனின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தாள். வேகன்களைத் தள்ளிச் சேர்க்கும் ஷண்டிங் எஞ்சின் வந்து இடித்தது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அமிர்தம் அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. அன்றிலிருந்து அவர் மனு எழுதாத அலுவலகம் இல்லை. முள்ளை வெட்டி, வேலி போட்டு, ஒரு ஊஞ்சல் வைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான் மனு. அவர் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதுவேன். ஐந்து மனுக்களில் மிகப் பழையது அதுதான்.

பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், தெருக்குழாயடியில் ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் வேலையை மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன், எங்கள் லைன் சங்கத்துக்குச் செயலாளர். தன் வீட்டுச் செருப்புக்குக்கூட நம்பர் போட்டு வைக்கிற மனிதர். ஆபீஸ் ரகசியம், வெளியே விடக்கூடாது, தெரிந்தால் என் சீட்டு கிழியும். இவ்வளவும் தெரிந்திருந்தும், பெருமை தாங்காமல் உளறினேன்.

"அண்ணே, நாளைக்கு எங்க சார் நம்ம பொட்டலை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வர்றார். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இன்ஸ்பெக்‌ஷனா?" ஏழுமலை அண்ணன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னா தம்பி இப்ப வந்து சொல்ற! சரி வுடு. முப்பது வருசமா இன்ஸ்பெக்‌ஷன் பாத்துகினு கீறேன். நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை 8.40. கைரதாபாத்தில் அலுவலக வாசல். வண்டியில் மூன்று பேர். டிரைவர் காசிம் பாய், ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்காரர், உருது பேசுபவர், பான் வாய். திட்ட அதிகாரி சூர்யநாராயணா சார். மடியில் டிபன் கேரியர், அதன் மேல் ஐந்து படிவங்கள். நேர்மையான மனிதர் அவர், அதுதான் கஷ்டம். லஞ்சம் வாங்குகிறவரிடம் பேசிப் பார்க்கலாம். படிவத்தை நம்புகிறவரிடம் என்ன பேசுவது? அவர் பேசியதெல்லாம் தெலுங்கு. இங்கே தமிழில் தருகிறேன்.

சார் கையிலிருந்த தாளில் மல்காஜ்கிரிதான் முதலில் இருந்தது. நான் காசிம் பாயை ஓரமாகக் கூப்பிட்டு, மல்காஜ்கிரியைக் கடைசியாக வைக்க முடியுமா என்று கேட்டேன். சாயங்காலம் அப்படியே வீட்டில் இறங்கிப் படுத்துவிடலாம், பஸ்ஸுக்கு எண்பது பைசா மிச்சம். தவிர, நாலரை மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே நிற்கிற நேரத்தில் சர்க்கார் ஜீப்பின் முன்சீட்டில் வந்து இறங்க வேண்டும் என்று ஒரு ஆசை.

"கைக்கு?" என்றார் காசிம் பாய். எதற்கு என்று அர்த்தம்.

வாந்தி என்று சைகை காட்டினேன்.

"ஹவ், ஹவ்," ஆமாம், ஆமாம் என்று சிரித்தவர் சாரிடம் போய், "காலையில் மேற்கே போனால் வெயில் முதுகில் அடிக்கும் சாப். கிழக்கே போனால் கண்ணில் குத்தும்," என்றார். அறிவியல்பூர்வமாக இருந்ததால் சார் ஒப்புக்கொண்டார். முன்சீட்டை மட்டும் தரவில்லை.

முதல் இடம் பட்டான்செரு. 29 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். பம்பாய் ரோட்டில் மியாப்பூர் தாண்டியதும் காற்றே மாறிவிடும். மருந்துக் கம்பெனிகள், ரசாயனக் கம்பெனிகள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வாசனை, எதுவும் மூக்கு ஏற்கனவே அறிந்ததில்லை. நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் ஒரே ஆட்டோவில் பதினொரு பேர் தொங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு ஏக்கர் நிலம், நடுவில் ஒரு புளியமரம், அதன் நிழலில் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பதினோரு பேர் இருந்தார்கள், எல்லாரும் தலையில் தண்ணீர்க் குடத்தோடு.

சார் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். "ஏமய்யா, தண்ணீர் சுமப்பது விளையாட்டில் சேருமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பதில் இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி. புளியமரத்தடிக்கு ஓடினேன், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். பிள்ளைகளில் மூன்று பேர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். சாரின் முகம் தெளிந்தது. ஏழாவது கேள்விக்கு நேராக 3 என்று எழுதினார். ஹைதராபாத்தின் பசுமைக்கு நான் செய்த ஒரே நேரடித் தொண்டு அதுதான்.

அங்கே டீ ஐம்பது பைசா. குடிக்காதீர்கள்.

11.35க்கு குகட்பள்ளி. 17 கிலோமீட்டர். ஏரி வற்றிப்போன ஓரம், எருமைகள், அவற்றுக்கு நடுவே எட்டுப் பேர் கிரிக்கெட். ஜீப்பைப் பார்த்ததும் மூன்று பெரியவர்கள் தனித்தனியாக வந்து, அந்த நிலம் தன் தாத்தாவுடையது என்று தனித்தனியாகச் சொன்னார்கள். சார் மூவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, வில்லங்கத்தில் மதிப்பெண்ணைக் குறைத்தார், குழந்தைகளுக்கு எட்டு போட்டார். இந்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எருமைகள் நல்ல எருமைகள்.

பாலாநகர் அங்கிருந்து 5 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. பெரிய மத்திய அரசுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள், அதிலும் நம்மவர்கள் நிறைய. எங்களைப் போல ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் அல்ல, டிராயிங் போர்டுக்காரர்கள். ஏற்கனவே கிளப் இருக்கிறது, அதில் பேட்மிண்டன் இருக்கிறது. கிளப் செயலாளர் பதவிக்காக இரண்டு மாமிகள் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில், மே மாதம், மதியம் ஒரு மணி வெயிலில், நாற்பது குழந்தைகள் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பந்து விளையாடிக்கொண்டிருந்தன. விளையாடின என்பது மரியாதைக்கு. தார் உருகுகிற வெயிலில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு பந்தை உருட்டின. ஓரத்தில் ஷாமியானா. அதன் கீழே தாய்மார்கள் எலுமிச்சைச் சாறு வாளியோடு. ஒரு குழந்தை நிழலுக்கு ஓடி வந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம்டா, மாமா எண்ணி முடிக்கட்டும்," என்று திருப்பி அனுப்பினார்கள்.

சார் எண்ணினார். இருபதில் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் படிவத்தில் இடமில்லை.

காலனித் தலைவர் தயிர் சாதத்தோடு வந்தார். நெற்றியில் சந்தனம், பாக்கெட்டில் மூன்று பேனா. சார் கை கழுவப் போன சமயம் பார்த்து என்னிடம் குனிந்தார்.

"தமிழா நீங்க? எந்தப் பக்கம் வீடு?"

"மல்காஜ்கிரி சார். எங்க இடமும் லிஸ்ட்ல இருக்கு."

"அப்படியா! குழந்தைகளை ரெடியா வெச்சிருக்காளோன்னோ?"

"குழந்தைகளையா? எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் கண்ணாடியில் சில சமயம் பார்க்கிறேன். "ஏன்டாப்பா, நீதானே அந்த ஆபீஸ்ல இருக்கே? படிவத்தை வாசிக்கலையோ? எங்களுக்கே ஒரு காப்பி வந்துடுத்து. மத்த கேள்வியெல்லாம் நிலத்தைப் பத்தி. நிலம் நம்ம கையில இல்லை. ஏழாவது கேள்வி குழந்தைகளைப் பத்தி. குழந்தைகள் நம்ம கையில இருக்கு."

தயிர் சாதத்தைக் கீழே வைத்தேன். ரயில்வேக்காரர்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்படித் தயாராவார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கல்லுக்குக்கூட வெள்ளையடிப்பார்கள். பழுதான சாமானை மறைப்பார்கள். முக்கியமாக, லைனில் ஒரு ஈ, ஒரு நாய், ஒரு குழந்தை கண்ணில் படக்கூடாது. ரயில்வே நிலத்தில் குழந்தை நின்றால் அதன் பெயர் அத்துமீறல். அதுதான் ஏழுமலை அண்ணனின் முப்பது வருடப் படிப்பு.

தலைவர் வீட்டில் போன் இருந்தது. எங்கள் லைனில் யாருக்கும் போன் இல்லை. மூலையில் இருந்த மருந்துக் கடையில்தான் உண்டு. நாலு முறை சுழற்றினேன். நாலு முறையும் எங்கேஜ்டு. அந்தக் கடைக்காரருக்கு உப்பலில் ஒரு சிநேகிதி இருந்தாள் என்பது ஊரறிந்த விஷயம். ஐந்தாவது முறை சுழற்றும்போது வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

போயின்பள்ளி, 5 கிலோமீட்டர், 2.25 மணி. ஒரு பாழுங்கிணறு, நிறைய முள், குழந்தைகள் யாருமில்லை. சார் சைபர் போட்டதைப் பார்த்து எனக்குச் சின்ன நிம்மதி. நம்மைப் போல இன்னொருவனும் தோற்றால் வருமே, அந்த மட்டமான நிம்மதி. பக்கத்து இரானிக் கடையில் டீ அறுபது பைசா, சமோசா இருபத்தைந்து. சார் சமோசாவைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். இருபது நிமிடம்.

"பாய், கொஞ்சம் வேகமாகப் போகலாமா?" என்றேன்.

"நக்கோ மியான், வேண்டாம். வேகமாகப் போனால் நீ என் வண்டியை நாறடிப்பாய்."

செகந்திராபாத் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. ஐம்பத்திரண்டு வேகன். உட்கார்ந்து எண்ணினேன். அன்றைக்கு எண்ணுவதுதானே எங்கள் வேலை. கேட்டில் மட்டும் இருபத்தைந்து நிமிடம்.

மல்காஜ்கிரி. போயின்பள்ளியிலிருந்து 11 கிலோமீட்டர். மணி 4.20. மொத்தம் 67.

பொட்டலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முள் ஒன்றுகூட இல்லை. நாற்பது குடும்பத்து ஆண்களும் ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொண்டும் பகல் ஷிப்டுக்கு லீவு போட்டும், ஒரு ஆள் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் கல் அடுக்கி, கல்லுக்கு வெள்ளை, வேப்ப மரத்துக்கு இடுப்புயரம் காவியும் வெள்ளையும். சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் நிரப்பிய சிவப்பு வாளிகள் வரிசையாக. தீப்பிடித்தால் அணைக்க. பொட்டலில் என்ன தீப்பிடிக்கும் என்று கேட்காதீர்கள்; ஸ்டேஷனில் இருக்கும், அதனால் இங்கேயும் இருந்தது. நடுவில் இஸ்திரி போட்ட காக்கியில், மாலையோடு, ஏழுமலை அண்ணன். பின்னால் வரிசையாக ஆண்கள், அதற்குப் பின்னால் பெண்கள். அவர்களைத் தவிர ஒரு குஞ்சு கிடையாது. காக்காய்கூட இல்லை.

அமிர்தம் அக்கா பெண்கள் வரிசையில் முதலில் நின்றார். மூக்குத்தியைத் துடைத்துப் போட்டிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"அக்கா, புள்ளைங்க எங்க?"

"சங்கத்து ஹாலுல. அண்ணன் பூட்டி வெச்சுகீறாரு. காலைல பத்து மணில இருந்து."

"பத்து மணியா? இந்த வெயில்ல? அது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கா."

"நீ எப்ப வருவேன்னு சொன்னியா? தண்ணி குடுத்துகினு இருக்கோம். மூச்சு வுடாதீங்க, ஊஞ்சல் வரப்போவுதுன்னு சொல்லிகீது. எங்க கலாதான் எல்லாத்தையும் அடக்கி உக்கார வெச்சிருக்குது. ஒரு சத்தம் கேக்குதா பாரு." அவர் குரலில் பெருமை.

"தொறந்து வுடுங்கக்கா. உடனே. புள்ளைங்க இங்க வந்து ஆடணும், அதுக்குத்தான் மார்க்கு."

முகம் மாறியது. அவர் ஹால் பக்கம் இரண்டடி வைப்பதற்குள் சார் ஏழுமலை அண்ணனிடம் கேட்டுவிட்டார், குழந்தைகள் இங்கே விளையாடுவது உண்டா என்று. அண்ணன் குதிகாலைச் சேர்த்து நின்றார். ஒர்க்‌ஷாப் இங்கிலீஷில் பதில் வந்தது:

"நோ சார்! நோ சில்ட்ரன், நோ ட்ரெஸ்பாஸ், நோ நியூசன்ஸ் சார்!"

"அப்படியா?" சார் பேனாவைத் திறந்தார்.

"லேது சார், லேது!" அப்படி இல்லை என்று மறுத்தபடி அமிர்தம் அக்கா வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். காய்கறிக்காரியிடம் பேசிப் பழகின தெலுங்கு. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், முப்பத்தாறு பேர், கூட்டி வருகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். கையை நீட்டி ஹாலைக் காட்டினார்.

சார் பேனாவை மூடினார். கெட்டவர் இல்லை என்றேனே. அவருக்கு முகம் சிவந்தது. "உள்ளே இருக்கிறார்களா? நாங்கள் வருவது இன்றைக்குத்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இது வெளியே சொல்லக்கூடாத தேதி. யார் சொன்னது?"

ஏழுமலை அண்ணன் கையிலிருந்த மாலையைச் சரிசெய்தார். ஹால் பக்கமிருந்து ஒரு சத்தமில்லை. கலா நன்றாகத்தான் அடக்கி வைத்திருந்தாள்.

சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏமய்யா, உன் வீடு இந்தப் பக்கம்தானே?"

வாசகர்களே, இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று எதிர்பார்க்கிறீர்கள்? "ஆமாம் சார், நான்தான் சொன்னேன், தப்பு என்னுடையது, குழந்தைகளை எண்ணுங்கள்." எட்டுச் சொல். அப்போதே எண்ணி வைத்திருந்தேன். வாந்தி வருகிற வாய்க்கு அது வரவில்லை. ஜூனில் என் ஆறு மாதம் முடிகிறது. புதுப்பிக்கிற தாளில் கையெழுத்துப் போடுகிறவர் இவர். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்புக் கோட்டை மிதித்திருந்தேன்.

அமிர்தம் அக்கா என்னைப் பார்த்தார். ஒரு முறைதான். பிறகு சாரிடம் திரும்பினார்.

"எவரும் சொல்லல சார். நாங்க எப்பவும் இப்படித்தான். தினம் சுத்தம் பண்ணுவோம். புள்ளைங்கள இங்க வுடமாட்டோம்."

பாதி தெலுங்கு, பாதி அரக்கோணம். சாருக்கு நன்றாகவே புரிந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். மர்மம் விலகிவிட்டது. ஏழாவது கேள்விக்கு நேராக சைபர். கீழே குறிப்பு: குடியிருப்போர் நிலத்தைத் தாங்களே நன்கு பராமரிக்கிறார்கள், குழந்தைகளை இங்கே அனுமதிப்பதில்லை. கையெழுத்து. ஐந்து படிவங்களையும் என்னிடம் கொடுத்தார். சிவப்பு நாடாவால் கட்டினேன். ஹால் கதவைப் பார்த்துக்கொண்டே கட்டியதில் ஒரு முடிச்சுக்குப் பதில் மூன்று முடிச்சு விழுந்தது.

சாருக்கு மாலை போட்டார்கள். ஜீப் கிளம்பிய பிறகு ஹாலைத் திறந்தார்கள். முப்பத்தாறும் வேர்த்து ஊறிப்போய் வந்தன. கலா கடைசியாக வந்தாள். மூன்று விரல் கையால் சின்னவன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு, என்னிடம், "ஊஞ்சல் எக்கட?" என்றாள். எங்கே என்று கேட்டாள்.

ஆகஸ்டில் பட்டியல் வந்தது. பட்டான்செரு, குகட்பள்ளி, பாலாநகர். என் வேலை ஜூனிலேயே புதுப்பிக்கப்பட்டிருந்தது. லைனில் எல்லோரும் ஏழுமலை அண்ணனைத்தான் திட்டினார்கள். "பூட்டன மவராசன்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் சங்கத்தை விட்டு விலகினார். நானும் சேர்ந்து சிரித்தேன், இரண்டு ஜோக்கு நானே கட்டினேன். அதில் ஒன்றை இந்தப் பக்கத்திலேயே ஒரு முறை வேறு ஊர் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். நூற்றுப்பத்து பேர் பாராட்டினீர்கள். அமிர்தம் அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மனு எழுதவும் பிறகு என்னிடம் வரவில்லை. முள்ளை வெட்டிச் சமப்படுத்தின நிலம், பார்க்க லட்சணமாக இருந்ததால், அடுத்த வருடமே யாரோ பிளாட் போட்டார்கள். முள் இருந்த வரை யாரும் திரும்பிப் பார்க்காத நிலம் அது. பிள்ளைகள் வேகனுக்கு அடியிலேயே விளையாடி வளர்ந்தன.

பாலாநகர் பூங்காவை 88இல் பார்த்தேன். அழகாக இருந்தது. பூட்டியிருந்தது. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை நடைப்பயிற்சிக்கு மட்டும் என்று பலகை. புல் கெடும் என்று பந்து விளையாடத் தடை.

கோயம்புத்தூர் நண்பருக்கு என் யோசனை. படிவத்தை எப்பாடுபட்டாவது வாங்கி வாசியுங்கள். உங்கள் ஊர் எழுத்தர் என்னைப் போல இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். முள்ளில் கை வைக்காதீர்கள். அதிகாரி வரும்போது வீட்டுச் சுவரில் பந்து அடித்துக்கொண்டு பத்துப் பிள்ளைகளாவது இருக்கட்டும். கண்ணாடி உடைந்தால் இன்னும் நல்லது. தெருவில் அரசு வேலைக்காரன் யாராவது இருந்தால், அன்று அவனை வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள். இதே வழியில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 67 கிலோமீட்டரும் இப்போது ஒரே நாளில் முடிவது கஷ்டம், டிராபிக் அப்படி. பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். மல்காஜ்கிரியில் பார்க்க ஒன்றுமில்லை.

1990இல் அந்த வேலையை விட்டேன். போவதற்கு முன் பழைய கோப்புகளை ஒழுங்கு செய்யச் சொன்னார்கள். பூங்காக் கோப்பும் அதில் இருந்தது. ஐந்து படிவங்களும் அப்படியே. நாடாவில் என் மூன்று முடிச்சும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. முடிவெடுத்தவர்களுக்குப் போனது, சாரின் பயணப்படிக்காக ஜீப் லாக் புத்தகத்திலிருந்து டைப் அடித்த ஒரு தாள் மட்டும். போன இடங்கள் ஐந்தும், போன வரிசையில், மல்காஜ்கிரி கடைசியாக. முதல் மூன்றுக்கு நேராகப் பச்சை மையில் ஒரு டிக்.